வேலையற்றோரை எண்ணியவர்கள்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் தொழிற் புள்ளிவிபரப் பணியகம் தன் மாதாந்த அறிக்கையை வழமைபோல வெளியிட்டது. யூலை மாதத்தில் 73,000 தொழில்களே புதிதாகச் சேர்ந்தன என்றும், மே, யூன் ஆகிய இரு மாதங்களுக்கும் முன்னர் கூறப்பட்ட தொகையிலிருந்து 258,000 தொழில்கள் கழிக்கப்பட வேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அன்றைய தினமே ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், பணியகத்தின் ஆணையாளர் எரிக்கா மக்என்ரார்ஃபரைப் பதவியினின்றும் நீக்கினார். தமக்கும் தம் கட்சிக்கும் இழுக்கு உண்டாக்கவே எண்கள் திரிக்கப்பட்டன என்பது ஜனாதிபதியின் குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. நீக்கப்பட்டவரோ, 2024 ஜனவரியில் செனற்சபை 86க்கு 8 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்ட ஒரு புள்ளிவிபர அறிஞர்.

உலகெங்கும் பத்திரிகைகள் இச்செய்தியை ஒரு தனிமனிதரின் சினத்தின் விளைவாகவே பெரும்பாலும் எழுதின. தனிமனிதரின் சினம் ஒரு நாளைய நிகழ்ச்சியை விளக்கலாம். ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை விளக்காது. வேலையற்றோரின் தொகை எவ்வளவு என்ற கேள்வி முதலாளித்துவ சமுதாயத்தில் ஒருபோதும் வெறுங் கணக்காக இருந்ததில்லை. அத்தொகை பெரிதாயின் அரசு பதில் சொல்ல வேண்டும். சிறிதாயின் வேலையற்றவனே பதில் சொல்ல வேண்டும். ஆகவே எண்ணுபவர் யார், எதை எண்ணுகின்றார், எவரை எண்ணாது விடுகின்றார் என்பவை யாவும் அரசியற் கேள்விகளாயின. அக்கேள்விகள் எழுந்த வரலாற்றை, அவை மிகக் கூர்மையாக எழுந்த அமெரிக்க நாட்டையே களமாகக் கொண்டு, இங்கு நோக்குவோம்.

1873ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பெரும் பொருளாதார நெருக்கடி ஒன்று மூண்டது. வங்கிகள் முறிந்தன, புகையிரதப் பாதை வேலைகள் நின்றன, ஆலைகள் மூடப்பட்டன. ஐந்து ஆண்டுகள் கழிந்தும் நிலைமை சீராகவில்லை. நாடெங்கும் முப்பது இலட்சம் பேர் வேலையின்றி வாடுகின்றனர் என்றும், மசசூசெற்ஸ் மாநிலத்தில் மாத்திரம் இரண்டு இலட்சம் முதல் மூன்று இலட்சம் பேர் வரை உளர் என்றும் பேச்செழுந்தது. அம்மாநிலத்தில் 1869இல் நிறுவப்பட்ட தொழிற் புள்ளிவிபரப் பணியகமே அமெரிக்காவில் அத்தகைய முதலாவது நிறுவனம். அதன் தலைவராயிருந்த கரொல் ரைற் என்பவர், இப்பேச்சு மிகைப்படுத்தப்பட்டதென எண்ணினார். எனவே 1878இல் வேலையற்றோரை எண்ணிப் பார்க்கத் துணிந்தார். அமெரிக்க வரலாற்றில் வேலையற்றோரை எண்ணிய முதன் முயற்சி இதுவெனலாம்.

அவர் எண்ணிய முறை ஆராயத்தக்கது. வீடு வீடாகச் சென்று வேலையற்றோரை எவரும் கேட்கவில்லை. நகரங்களின் வரி மதிப்பீட்டாளரிடமும் பொலிஸாரிடமும் தகவல் கேட்கப்பட்டது. உடல் வலிமையுள்ள வளர்ந்தோரே கணக்கிற்கு உரியோர். அவருள்ளும் உண்மையாகவே வேலையை விரும்புவோரை மட்டுமே சேர்க்கவேண்டும் என்பது நிபந்தனை. விடை முப்பதினாயிரத்துக்கும் குறைவாகவே வந்தது. இரண்டு இலட்சம் என்ற கூற்று பொய்த்தது என ஆளும் வர்க்கம் மகிழ்ந்தது.

ஒருவன் உண்மையாகவே வேலையை விரும்புகின்றானா என்பதைப் பொலிஸ்காரன் எங்ஙனம் அறிவான்? கூலியைப் பாதியாகக் குறைத்தால் வரமாட்டேன் என்றவன் வேலையை விரும்பாதவனா? முழுநாள் வேலையிழந்து அரைநாள் வேலை பெற்றவன் எந்தப் பட்டியலைச் சேர்ந்தவன்? வேலையின்மையின் முதற் கணக்கெடுப்பிலேயே, வரைவிலக்கணத்தின் உள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருந்தது. எண்ணும் பணி தொடங்குமுன்னரே பலர் கணக்கினின்றும் விலக்கப்பட்டுவிட்டனர்.

எனினும் ரைற்றை வெறும் கையாள் என்று ஒதுக்குவது வரலாற்றுக்கு நீதியன்று. அவர் கற்றுக்கொண்டார். 1885ஆம் ஆண்டு அதே மாநிலத்தின் குடிசன மதிப்பீட்டில், ‘இன்று வேலையின்றி இருப்பவர் எத்தனை பேர்?’ என்ற கேள்வியை விடுத்து, ‘கடந்த ஆண்டில் ஏதேனும் ஒரு காலப்பகுதியில் வேலையின்றி இருந்தவர் எத்தனை பேர்?’ என்று கேட்கப்பட்டது. விடை திடுக்கிட வைத்தது. தொழில் செய்வோருள் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பேர் அவ்வாறு இருந்திருந்தனர். அவர்கள் வேலையின்றிக் கழித்த காலம் சராசரியாக நான்கு மாதங்களுக்குச் சற்று மேல். கேள்வி மாறியதும், சிலரது குறைபாடு என்று கருதப்பட்ட வேலையின்மை, தொழிலாளர் வாழ்வின் பொது அனுபவமாகக் காட்சியளித்தது. பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் சப்பாத்து ஆலையின் வாழ்வு இது. அதனை முதற் கணக்கெடுப்பு மறைத்தது, இரண்டாவது காட்டியது. எண்ணியவர் ஒருவரே.

அடுத்த காட்சி 1930ஆம் ஆண்டிற்குரியது. 1929 ஒக்டோபரில் நியூ யோர்க் பங்குச்சந்தை சரிந்தது. ஆலைகள் ஆட்குறைப்பைத் தொடங்கின. நாடு முழுவதற்குமான வேலையின்மைக் கணக்கு என்று ஒன்று அக்காலத்தில் இல்லை. மத்திய தொழிற் புள்ளிவிபரப் பணியகத்திடம் சில கைத்தொழில்களின் சம்பளப் பட்டியற் புள்ளிகள் மட்டுமே இருந்தன. அந்த இருளிலேதான் ஜனாதிபதி ஹேர்பேர்ட் ஹூவர், 1930 ஜனவரி மாத இறுதிப் பகுதியில், வேலைவாய்ப்பு மீண்டும் உயரத் தொடங்கிவிட்டது என்று நாட்டுக்கு அறிவித்தார்.

நியூ யோர்க் மாநிலத்தின் கைத்தொழில் ஆணையாளராக அப்போது இருந்தவர் பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் என்னும் பெண்மணி. காலைப் பத்திரிகையில் ஜனாதிபதியின் கூற்றைக் கண்ட அவர், தம் திணைக்களத்தின் எண்களை வரவழைத்துப் பார்த்தார். நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில் மாநிலத்தில் வேலைவாய்ப்பு வீழ்ந்துகொண்டிருந்தது. ஜனாதிபதி கூறியது தவறென்று அவர் பத்திரிகையாளருக்குப் பகிரங்கமாகவே எடுத்துரைத்தார். வேலையிழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில், ‘எங்கும் வேலை கிடைக்கிறதாமே, உமக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?’ என்ற கேள்வி எழும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பொய்யான எண் அரசைக் காப்பதோடு நில்லாது. பழியை வேலையற்றவனின் தலையிலும் சுமத்திவிடும். பேர்க்கின்ஸ் 1933இல் ரூஸ்வெல்ற்றின் தொழிற் செயலாளராகி, அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்ணானார்.

1930 மார்ச் 6ஆந் திகதி, கம்யூனிஸ்டுகளின் அழைப்பை ஏற்று, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வேலையற்றோர் வீதிக்கு இறங்கினர். நியூ யோர்க்கின் யூனியன் சதுக்கத்தில் பொலிஸார் கூட்டத்தைத் தடிகொண்டு தாக்கினர். மறுநாள் ஹூவர் விடுத்த அறிக்கை, வேலையின்மையின் மிக மோசமான கட்டம் அறுபது நாட்களுள் கடந்துவிடும் என்றது. அறிக்கைக்கும் சதுக்கத்துக்கும் இடையிலிருந்த தூரம், எண்ணப்படாத மனிதரின் தொகைக்குச் சமம்.

ஏப்ரலிற் குடிசன மதிப்பீடு வந்தது. நியூ யோர்க் செனற்றர் றொபேர்ட் வாக்னரின் விடாமுயற்சியால், வேலையின்மை பற்றிய வினாக்கள் அதிற் சேர்க்கப்பட்டிருந்தன. ஆனால் விடைகள் தொகுக்கப்பட்ட முறை புதிய சர்ச்சையைக் கிளப்பிற்று. வேலையே இல்லாது, வேலை செய்ய வல்லவராய், வேலை தேடுவோர் ஒரு வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். ‘பிறகு கூப்பிடுவோம்’ என்று சொல்லி ஆலை வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டோர் வேறொரு வகுப்பாயினர். முதல் வகுப்பின் தொகை ஏறத்தாழ 24 இலட்சம். அதுவே பெரிதும் பேசப்பட்டது. இரண்டாம் வகுப்பின் ஏழரை இலட்சம் பேர், ஊதியமின்றி வீட்டில் இருந்தும், அத்தொகைக்கு வெளியே நின்றனர். இவ்வேலைக்குப் பொறுப்பாக இருந்த பொருளியலாளர் சார்ல்ஸ் பேர்சன்ஸ், கணக்கு கையாளப்பட்ட முறையை ஏற்காது பதவி துறந்தார். 1931 ஜனவரியில், தெரிந்தெடுத்த நகரங்களில் நடத்தப்பட்ட சிறப்புக் கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்டு, நாடு முழுவதிலும் வேலையற்றோர் அறுபது இலட்சத்துக்கு மேல் என மதிப்பிடப்பட்டது.

தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் ஆணையாளர் எதெல்பேர்ட் ஸ்ரூவேட்டின் முடிவும் இக்காலத்துக்குரியதே. 1920 முதல் அப்பதவியிலிருந்த முதியவர் அவர். தொழிற் செயலாளர் வில்லியம் டோக் வெளியிட்ட நம்பிக்கை மொழிகளுக்குத் தம் பணியகத்தின் எண்கள் இடந்தரா என்பதை அவர் மறைக்கவில்லை. எழுபது வயது கடந்தோர் விசேட அனுமதியின்றிச் சேவையில் நீடிக்கலாகாது என்ற புதிய விதி 1932இல் வந்தபோது, அவ்வனுமதி அவருக்குக் கிட்டவில்லை. 1932இல் வயது காரணமாயிற்று. 2025இல் அந்தக் காரணம்கூடத் தேவைப்படவில்லை. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு, நாணத்தின் அளவிலேயே உள்ளது.

1933இல் அமெரிக்கத் தொழிலாளருள் நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தார் என்று பாடநூல்களிற் படிக்கின்றோம். இவ்வெண் அந்த ஆண்டில் எவரும் எண்ணிக் கண்டதன்று. பல தசாப்தங்களின் பின் ஸ்ரான்லி லெபர்கொற் முதலிய பொருளியலாளர் கிடைத்த சான்றுகளைக் கோத்து ஆக்கிய மதிப்பீடு அது. பேரிடரின் உச்சத்தில், அதன் அளவை அறியும் கருவியே அரசிடம் இருக்கவில்லை. அக்கருவி இல்லாமை தற்செயலன்று. அறிய விரும்பாத அரசு அதனைச் செய்து வைத்திருக்கவில்லை.

கருவியை உண்டாக்கியது புதிய ஒப்பந்தக் காலத்தின் தேவை. நிவாரண வேலை வழங்க முன்வந்த அரசுக்கு, எத்தனை பேருக்கு வழங்குவது என்பது தெரிந்தாக வேண்டும். 1937 நவம்பரில் அஞ்சல்மூலம் அட்டைகள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. வேலையற்றோர் தாமாகவே நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பி வந்தவை ஏறத்தாழ 78 இலட்சம். அதே வேளை, தெரிந்தெடுத்த தபாற் பாதைகளில் வீடு வீடாகச் சென்று மாதிரி ஆய்வொன்றும் நடத்தப்பட்டது. அதன்படி வேலையற்றோர் ஒரு கோடியைத் தாண்டினர். தாமாக முன்வந்து ‘நான் வேலையற்றவன்’ என்று எழுதிக் கொடுக்க இலட்சக்கணக்கானோர் கூசினர், அல்லது எழுதிப் பயனில்லை என்று கருதினர். அன்று தொட்டு, அரசின் பதிவேட்டில் மக்கள் வந்து பதியட்டும் என்று காத்திராது, மாதிரிக் குடும்பங்களைத் தெரிந்து, சென்று கேட்கும் முறை வலுப்பெற்றது. 1940இல் நிவாரண வேலை நிருவாகம் அதனை மாதாந்த ஆய்வாக்கியது. 1942இல் அது குடிசன மதிப்பீட்டுப் பணியகத்தின் கைக்கு மாறிற்று.

இம்முறையின் சிறப்பு அமெரிக்க நிலைமையிற் பெரிது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஏற்படுத்திய வேலையின்மைக் காப்புறுதியில், கமத்தொழிலாளரும் வீட்டு வேலையாட்களும் சேர்க்கப்படவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களுள் மிகப் பலர் இவ்விரு தொழில்களையே நம்பியிருந்தனர். காப்புறுதிப் பதிவேட்டைக் கொண்டு வேலையற்றோரை எண்ணியிருந்தால், இம்மக்கள் நிவாரணத்தையும் இழந்து, கணக்கிலிருந்தும் மறைந்திருப்பர். வாசலில் வந்து கேட்கும் கணக்கெடுப்பில் அவர்கள் குரல் பதிவாயிற்று. கறுப்பினத்தவரின் வேலையின்மை வெள்ளையரினதைப்போல் ஏறத்தாழ இருமடங்காகவே தசாப்தந் தசாப்தமாக நிலவிவந்தது என்ற உண்மையை நாம் அறிவது இவ்வெண்களாலேதான். 1963இல் வாஷிங்ரன் நோக்கி நடந்த பேரணி, சுதந்திரத்தோடு வேலையையும் தன் பெயரிலேயே கோரிற்று. அக்கோரிக்கைக்கு அரசின் சொந்த எண்களே சாட்சியாயின.

ஆனால் கருவி பிறந்ததும் அதனை வளைக்கும் முயற்சியும் பிறந்தது. 1961இல் றீடர்ஸ் டைஜெஸ்ற் இதழ், வேலையின்மைத் தொகை மிகைப்படுத்தப்படுகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. ஜனாதிபதி கென்னடி, பொருளியற் பேராசிரியர் றொபேர்ட் கோர்டன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். 1962இல் வெளிவந்த அதன் அறிக்கை, எண்கள் திரிக்கப்பட்டன என்ற பழியை நிராகரித்தது. ஆயினும் வரைவிலக்கணத்தை இறுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பயனாக 1967இல் ஒரு மாற்றம் வந்தது. வேலை கிடையாது என்று நம்பித் தேடாதிருந்தவரும் அதுவரை சில வேளைகளில் வேலையற்றோராகக் கொள்ளப்பட்டனர். இனி, கடந்த நான்கு வாரங்களுள் குறிப்பிட்ட ஒரு முயற்சியேனும் செய்தவரே வேலையற்றவர் ஆவர். மனமுடைந்து தேடுவதைக் கைவிட்டவர், ‘தொழிற்படைக்கு வெளியே உள்ளோர்’ என்ற பெரிய இருட்டறைக்குள் தள்ளப்பட்டார். அவ்வறையில் அவருக்கெனத் தனியே ஒரு கணக்கு வைக்கப்பட்டது உண்மையே. ஆனால் அந்தக் கணக்கு தலைப்புச் செய்தியாவதில்லை.

இங்கு முற்போக்காளர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. 1967இன் மாற்றத்தில் எவரும் எண்ணைத் திருடவில்லை. விதி பகிரங்கமாக எழுதப்பட்டது, காரணம் கூறப்பட்டது, பழைய விதிப்படியான தொகையையும் புதிய விதிப்படியான தொகையையும் ஒப்பிட வழியிருந்தது. வரைவிலக்கணத்தின் குறுகலை எதிர்ப்பது வேறு; எண்ணியவரைப் பொய்யர் என்பது வேறு. முன்னையது விமர்சனம். பின்னையது, ஆதாரமின்றிக் கூறப்படுமாயின், அவதூறு. இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படும்போது இலாபமடைவது ஆளும் வர்க்கமே.

வரைவிலக்கணம் எத்துணை வலிமையுடையது என்பதற்கு ஒரு சான்று போதும். 1936ஆம் ஆண்டின் வேலையின்மை, லெபர்கொற்றின் கணக்குப்படி ஏறத்தாழ 17 சதவீதம். 1976இல் மைக்கல் டார்பி என்ற பொருளியலாளர் அதே ஆண்டை மீண்டும் கணித்து, 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு என்றார். இருவர் கையிலும் இருந்தவை பெரும்பாலும் ஒரே தரவுகள். அரசின் நிவாரண வேலைகளில் வீதி போட்டவரையும் பாடசாலை கட்டியவரையும் முன்னவர் வேலையற்றோர் என்றார். பின்னவர் தொழில் செய்வோர் என்றார். புதிய ஒப்பந்தம் வென்றதா தோற்றதா என்ற அரசியல் வாதம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் மீது தொங்கிற்று. மண்வெட்டி பிடித்து வியர்வை சிந்தியவனைப் பார்த்து, நீ வேலை செய்கிறாயா இல்லையா என்று அறிஞர் வாதிட்டனர்!

எண்ணியவரையே தாக்கும் வழியை முழுமையாகக் காட்டியது நிக்சன் ஆட்சி. 1971 பெப்ரவரியில் வேலையின்மை 6.0இலிருந்து 5.8 சதவீதமாகக் குறைந்தது. தொழிற் செயலாளர் ஜேம்ஸ் ஹொட்ஜ்சன் இதனை மகிழ்ச்சியான செய்தியாக வரவேற்றார். பணியகத்தின் உதவி ஆணையாளர் ஹரல்ட் கோல்ட்ஸ்ரைனோ, நிலைமை கலப்பானது என்று பத்திரிகையாளரிடம் கூறினார். மார்ச் மாதத்திலேயே பணியகத்தின் பத்திரிகையாளர் கூட்டங்கள் நிறுத்தப்பட்டன. கொங்கிரஸின் கூட்டுப் பொருளாதாரக் குழுவின் தலைவரான செனற்றர் வில்லியம் புரொக்ஸ்மயர், அதற்கு ஈடாகப் பணியக அலுவலரை மாதந்தோறும் குழுவின் முன் அழைத்துப் பகிரங்கமாக விசாரிக்கத் தொடங்கினார். ஒரு கதவு அடைக்கப்பட, மக்களாட்சி இன்னொரு கதவைத் திறந்தது.

யூன் மாத எண் மேலும் வீழ்ச்சியைக் காட்டியபோது, பருவகாலத் திருத்தத்தின் இயல்பும் அவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம் எனப் பணியகம் எச்சரித்தது. நிக்சனின் சினம் எல்லை கடந்தது. பணியகத்தில் யூதர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்குமாறு வெள்ளை மாளிகை கட்டளையிட்டது. அதிகாரி பிரெட் மலெக், உயர்நிலை அலுவலர் 35 பேருள் 13 பேர் அத்தகையோர் என்று யூலை இறுதியிற் குறிப்பெழுதிக் கொடுத்தார். வேலையற்றோரை எண்ண வேண்டிய அரசு, எண்ணுவோரின் குலத்தை எண்ணியது! கோல்ட்ஸ்ரைனும் அவரது சகா பீற்றர் ஹென்லேயும் தம் பொறுப்புகளினின்றும் அகற்றப்பட்டனர். 1988இல் இவ்விவகாரம் பத்திரிகையில் வெளியானபோது மலெக், குடியரசுக் கட்சியில் தாம் வகித்த பதவியைத் துறக்க நேர்ந்தது.

நிக்சன் காலத்தின் பாடம் சில காப்பு விதிகளைப் பிறப்பித்தது. எண் வெளியாகி ஒரு மணி நேரம் கழியும் வரை நிருவாகத் தரப்பினர் அதுபற்றிப் பகிரங்கமாகக் கருத்துக் கூறலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1976இல் ஆணையாளர் யூலியஸ் ஷிஸ்கின், ஒரே எண்ணுக்குப் பதிலாக, குறுகியதிலிருந்து விரிந்தது வரை ஏழு அளவுகோல்களை வெளியிட ஏற்பாடு செய்தார். அம்மரபில் வந்ததும் யூ-6 என வழங்குவதுமான அகன்ற அளவுகோல், மனமுடைந்தோரையும், முழுநேர வேலை கிட்டாது பகுதிநேர வேலையில் உழல்வோரையும் சேர்த்துக்கொள்கிறது. வேலையின்மை பற்றிய உண்மை ஓரெண்ணுள் அடங்காது என்பதை ஓர் அரசாங்கப் பணியகமே ஏற்றுக்கொண்டது. இது சிறு வெற்றியன்று.

சந்தேகத்தை விதைக்கும் அரசியல் ஓயவில்லை. 2012 தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு வேலையின்மை 7.8 சதவீதமாகக் குறைந்தபோது, ஜெனரல் எலெக்ற்ரிக் கம்பனியின் முன்னாள் தலைவர் ஜக் வெல்ச், ஆட்சியிலிருந்தோர் எண்களை மாற்றிவிட்டனர் என்று ஆதாரமின்றி எழுதினார். உண்மையான வேலையின்மை 42 சதவீதமாகவும் இருக்கலாம் என்று ட்ரம்ப் வேட்பாளராயிருந்தபோது கூறினார். பள்ளி மாணவரையும் ஓய்வு பெற்ற முதியோரையும் சேர்த்தாலன்றி அத்தகைய தொகை வராது. 2017 மார்ச்சில் நல்ல எண் வந்தவுடன், முன்னர் பொய்யாயிருந்தவை இப்பொழுது மெய்யாகிவிட்டன என்ற கருத்து வெள்ளை மாளிகையின் பேச்சாளர் வாயிலாகவே வெளிவந்தது. எட்டு ஆண்டுகளின் பின் தீய எண் வந்தது; ஆணையாளர் போனார்.

அவ்வெண் திருத்தப்பட்டதன் காரணம் யாது? சம்பளப் பட்டியல் ஆய்வு, 120,000க்கு மேற்பட்ட நிறுவனங்களையும் அரச அமைப்புகளையும் மாதந்தோறும் வினவுகிறது. முதல் அறிக்கை வெளிவரும் வேளையில் எல்லாரும் விடையளித்து முடிவதில்லை. பிந்திவந்த விடைகளைச் சேர்த்து, அடுத்த இரு மாதங்களிலும் தொகை திருத்தப்படும். பின்னர் ஆண்டுக்கொருமுறை, காப்புறுதி வரிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு மீண்டும் திருத்தப்படும். திருத்தம் மோசடியின் அடையாளமன்று; நேர்மையின் அடையாளம். திருத்தப்படாத எண்ணைக் கண்டால்தான் நாம் ஐயுற வேண்டும். பரீட்சைத் தாளைப் பகிரங்கமாகத் திருத்துபவரைத் தண்டித்துவிட்டால், அதன் பின் எவரும் பிழையை ஒப்புக்கொள்ளார்.

எண்ணுபவரை நீக்குவது ஒரு வழி. எண்ணும் பணியைப் பட்டினி போடுவது மற்றொரு வழி. ஏறத்தாழ 60,000 குடும்பங்களை வினவும் மாதாந்த ஆய்வுக்கு, 2013 அளவில் பத்திலொன்பது பங்கு குடும்பங்கள் விடையளித்தன. 2025இல் அது பத்தில் ஏழு பங்குக்கும் கீழே இறங்கிற்று. கதவைத் தட்டவும் மீண்டும் தட்டவும் ஆளும் பணமும் வேண்டும். 2025 ஒக்டோபரில் வரவு செலவு ஒதுக்கீட்டுப் பிணக்கால் மத்திய அரசின் பணிகள் முடங்கியபோது, அம்மாதத்துக்கான குடும்ப ஆய்வே நடைபெறவில்லை. 1948 முதல் மாதந்தவறாது வந்த வேலையின்மை வீதத்தின் வரிசையில், முதன்முறையாக ஒரு வெற்றிடம் விழுந்தது.

இவ்வளவு கூறியதால், அமெரிக்க எண்கள் குறையற்றவை என்று எவரும் கொள்ளலாகாது. ஆய்வு நடக்கும் வாரத்தில் கூலிக்கு ஒரேயொரு மணி நேரம் உழைத்தவரும் தொழிலுடையவராவர். சிறைக்கூடத்தில் உள்ளோர் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். கறுப்பின இளைஞரைப் பெருந்தொகையாகச் சிறையிலடைத்த நாட்டில், இதனாலேயே அவர்களின் வேலையின்மை குறைந்ததுபோலத் தோன்றும். சம்பளப் பட்டியல் ஆய்வோ தொழில்களை எண்ணுகிறது, மனிதரை அன்று. வயிறு நிரம்பாது இரண்டு தொழில் செய்பவள், அதில் இருவராகத் தோன்றுவாள். இக்குறைகளை எதிர்த்துப் போராட வேண்டும். ஆனால் இக்குறைகளை நாம் அறிந்தது எங்ஙனம்? பணியகமே தன் வரைவிலக்கணங்களை அச்சிட்டு வெளியிட்டதால் அறிந்தோம். வெளிச்சத்தில் இருக்கும் குறையோடு போராடலாம். இருட்டில் இருக்கும் அதிகாரத்தோடு போராடுதல் அரிது.

இலங்கையராகிய நமக்கும் இதில் நேரான தொடர்புண்டு. அமெரிக்காவில் உருவான இவ்வளவை முறை, சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் தீர்மானங்கள் வாயிலாக, குறிப்பாக 1982ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் வாயிலாக, உலக நியமமாயிற்று. 1990 முதல் நம் நாட்டிற் காலாண்டுதோறும் நடந்துவந்த தொழிற்படை ஆய்வும் அவ்வழியதே. வாரத்தில் ஒரே நாள், அதுவும் அரைப்பேருக்கு உழைத்த தோட்டத் தொழிலாளியும் அதிற் தொழிலுடையவரே. குடும்ப வயலில் ஊதியமின்றிப் பாடுபடும் பெண்ணும் தொழிலுடையவளே. அதுமட்டுமன்று: போர் நிகழ்ந்த ஆண்டுகளிற் பெரும்பாலும் வட, கிழக்கு மாகாணங்கள் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை. 2011 முதலே தீவு முழுவதும் அதனுள் வந்தது. ‘இலங்கையின் வேலையின்மை வீதம்’ என்ற பெயரில் அக்காலத்தில் வெளிவந்த எண், கடலையும் வயலையும் இழந்த மக்களை அறியாத எண். அவ்வறிக்கைகளில் இவ்விரு மாகாணங்களும் நீங்கலாக என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது. மேடையிற் பேசியோர் அக்குறிப்பைச் சேர்த்து வாசிப்பது அரிதாயிருந்தது.

ஆதலால் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வேலையின்மை பற்றிய எந்த எண்ணையும் அதன் அடிக்குறிப்போடு சேர்த்தே வாசிக்கப் பழக வேண்டும். எண் தமக்குச் சாதகமாயின் போற்றி, பாதகமாயின் பொய்யென்று தூற்றும் வழக்கம் நம்மிடையேயும் வேர்விடலாகாது. வேலையற்றோரின் உண்மைத் தொகையால் இழப்பதற்கு உழைக்கும் மக்களிடம் ஒன்றுமில்லை. அதனை அஞ்ச வேண்டியவர் வேறு. எனவே நேர்மையாக எண்ணுபவரைக் காப்பதும், எண்ணப்படாது விடப்பட்டோரைக் கணக்கினுள் கொண்டுவருவதும் ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கங்களாகும். 1878இல் பொலிஸ்காரனிடம் கேட்ட கேள்வியை 1885இல் தொழிலாளியிடமே கேட்கச் செய்தது காலத்தின் கருணையன்று. எங்களை எண்ணுங்கள் என்று இடையறாது எழுந்த உழைப்பாளரின் குரலே அதனைச் செய்வித்தது. அக்குரல் ஓயும் நாட்டில், எண்களும் மெல்ல மெல்ல ஆள்வோரின் மொழியையே பேசத் தொடங்கிவிடும்.